கிராணி வீட்டுக் கொழுக்கட்டை

ஈப்போவில் புந்தோங் பக்கம் போய்க் கார்த்திகேசு வீடு எது என்று கேட்டால், எந்தக் கார்த்திகேசு என்பார்கள். கிராணி மகன் கார்த்திகேசு என்றால் உடனே கை நீட்டிக் காட்டுவார்கள். ஊரை அப்படிப் பழக்கி வைத்திருந்தவர் அவரேதான். கிராணியாக இருந்தவர் அவருடைய அப்பா. செமோருக்கு அப்பால் பழைய பாலத்துத் தோட்டத்தில் ஆபீஸ் கணக்கு எழுதியவர். அவர் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. தோட்டமும் போய்விட்டது. ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் இப்போது அச்சில் வார்த்த மாதிரி வீடுகள், வாசலில் காவலாளி. ஒருமுறை கார்த்திகேசு அங்கே போய், தான் இந்தத் தோட்டத்துக் கிராணி மகன் என்று சொல்லிப் பார்த்தார். காவலாளி நேப்பாள்காரர். அவர் அடையாள அட்டையைக் கேட்டார்.

கார்த்திகேசு அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். வீட்டில் அவரோடு கல்யாணமாகாத அக்கா பாப்பா, மகன் கோகிலன், மருமகள் சாந்தினி.

சாந்தினிக்குச் சொந்த ஊர் தெலுக் இந்தான். அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். அப்பாவைப் பெற்றவர்கள் பாகான் டத்தோ பக்கம் தோட்டத்து லயத்தில் இருந்தவர்கள். சாந்தினி ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் முன்மேசை வேலை பார்க்கிறாள். நன்றாகப் பேசுவாள், நன்றாகச் சிரிப்பாள். இரண்டும் இந்த வீட்டில் குற்றமாகப் போயின.

கார்த்திகேசு வாயில் அடிக்கடி வரும் சொல் ஒன்று உண்டு: லயத்துப் பழக்கம். தோட்டத்தில் தொழிலாளிகள் லயத்து வரிசை வீடுகளில் இருந்தார்கள். கிராணிக்குத் தனி பங்களா. பங்களா என்றால் இரண்டு அறையும் ஒரு கூடமும்தான், ஆனால் வேலி தனி. அந்த வேலியைக் கார்த்திகேசு பிடுங்கி ஈப்போவுக்கும் கொண்டுவந்துவிட்டார். செருப்பைக் கோணலாகக் கழற்றிப் போட்டால் லயத்துப் பழக்கம். அடுப்படியில் நின்றுகொண்டு சாப்பிட்டால் லயத்துப் பழக்கம். சத்தமாகச் சிரித்தால் கேட்கவே வேண்டாம். சாந்தினியைப் பார்த்து அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் சொல்வார். அதில் அப்போது மலாய் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தப் பெருமைக்கெல்லாம் சிகரம், விநாயகர் சதுர்த்திக்குச் செய்யும் கொழுக்கட்டை. ஊரில் எல்லாரும் அரிசி மாவில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைவார்கள். கிராணி வீட்டில் பச்சைத் தண்ணீர். குழாயைத் திறந்து பிடித்த தண்ணீர். சுடுதண்ணீர் ஊற்றுவது லயத்துப் பழக்கம் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

பச்சைத் தண்ணீர் ஊற்றிய அரிசி மாவு என்ன பாடுபடும் என்பது அடுப்படிப் பக்கம் போன எவருக்கும் தெரியும். ஒட்டாது, விரியாது. சொப்பு பிடித்தால் ஓரம் வெடித்துப் பூரணம் எட்டிப் பார்க்கும். அதனால் கிராணி வீட்டில் சொப்பே கிடையாது. மாவுக்குள் பூரணத்தை வைத்து உள்ளங்கையில் போட்டு முழுப் பலத்தோடு நசுக்குவார்கள். ஐந்து விரலும் பதியவேண்டும், அதுதான் எங்கள் வீட்டு முத்திரை என்பார் கார்த்திகேசு. அவித்து இறக்கிய சூட்டோடு கடித்தால் ஓரளவு பல் உள்ளே போகும். ஆறிவிட்டால், தட்டில் போடும்போதே சத்தம் கேட்கும்.

அந்தச் சத்தத்தோடுதான் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தின்று வந்தது. ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். கார்த்திகேசு தேநீரில் ஊறவைத்துத் தின்பார். அது கிராணிகள் துரைமாரிடம் கற்ற நாகரிகம் என்று விளக்கமும் சொல்வார். பாப்பா அத்தை பூரணத்தை மட்டும் நோண்டித் தின்பார். கோகிலன் மெல்லாமல் விழுங்குவான். அப்பாவிடமிருந்து வருகிற எதையுமே அவன் மெல்லாமல்தான் விழுங்குவான் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் சாந்தினிக்குப் புரிந்தது.

கல்யாணமான முதல் வருடம் சாந்தினியின் அம்மா தெலுக் இந்தானிலிருந்து பஸ் ஏறி, தூக்குச்சட்டி நிறையக் கொழுக்கட்டை கொண்டுவந்தார். வெள்ளை வெளேரென்று, விரல் வைத்தால் அமுங்கும் பக்குவம். கார்த்திகேசு மூடியைத் திறந்து பார்த்தார். சுடுதண்ணீரா என்று கேட்டார். ஆமாங்க சம்மந்தி என்றார் அம்மா, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று விளங்காமல். அவர் மூடியை மூடிப் பின்பக்கத்து மேசையில் வைக்கச் சொன்னார். சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சீனரின் நாய் அத்தனையையும் தின்றது. மறுநாள் ஊருக்குப் புறப்படும்போது அம்மா காலித் தூக்குச்சட்டியைப் பார்த்து, எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்களா என்று சந்தோஷமாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டாள் சாந்தினி. அந்தப் பொய்யை அவள் கார்த்திகேசுவின் பேரில்தான் எழுதி வைத்தாள்.

நசுக்கும் வேலை எப்போதும் பாப்பா அத்தையுடையது. இந்த வருடம் சதுர்த்திக்கு முன்னால் அத்தை கோயில் படியில் வழுக்கினார். மணிக்கட்டு பிசகிவிட்டது என்று துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மருத்துவர் படம் பிடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். வலி எனக்கா டாக்டருக்கா என்று கேட்டார் அத்தை. ஆக, மாவு சாந்தினி கைக்கு வந்தது.

கார்த்திகேசு அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். தேங்காய் எப்படித் துருவவேண்டும், பாசிப்பருப்பை எவ்வளவு வறுக்கவேண்டும், சீனிப் பாகை எப்போது இறக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வாழ்நாளில் ஒரு முட்டை பொரித்ததில்லை மனிதர். தண்ணீர் ஊற்றும் கட்டம் வந்தபோது கைத்தொலைபேசி அடித்தது. கோயில் நிர்வாகத்தில் யாரோ யாரையோ மதிக்காமல் போய்விட்டார்களாம். அந்த மாதிரிச் செய்தி என்றால் கார்த்திகேசுவுக்குப் பசியே எடுக்காது. பேசிக்கொண்டே முன்கூடத்துக்குப் போய்விட்டார்.

அடுப்பில் தேநீருக்கு வைத்த தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கை தானாக எடுத்து ஊற்றிவிட்டது என்று பிறகு சாந்தினி கோகிலனிடம் சொன்னாள். கை தானாக ஒன்றும் எடுக்கவில்லை. ஐந்து வருடமாக எடுக்க நினைத்ததை அன்றைக்கு எடுத்தாள், அவ்வளவுதான். கரண்டிக் காம்பால் கிளறி, கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு, சூடு அடங்கியதும் பிசைந்தாள். மாவு சொன்னபடி கேட்டது. பக்கத்தில் துணி சுற்றிய கையோடு உட்கார்ந்திருந்த பாப்பா அத்தை எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் படிக்க ஆரம்பித்தார்.

கார்த்திகேசு திரும்பி வந்து பச்சைத் தண்ணீர்தானே என்று கேட்டார். ஆமாம் மாமா என்றாள் சாந்தினி. சந்தேகம் வராமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஐந்து விரலை லேசாகப் பதித்தாள்.

படையல் முடிந்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். கார்த்திகேசு வழக்கப்படி ஒன்றை எடுத்துத் தேநீரில் முக்கப் போனார். அது கையில் வளைந்தது. திகைத்துப்போய் அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். பிறகு இன்னொன்று. கோகிலன் மெல்லுவதைச் சாந்தினி முதல்முறையாகப் பார்த்தாள். பாப்பா அத்தை தோலையும் சேர்த்துத் தின்றார். தட்டு காலியானபோது கார்த்திகேசுவின் கண் கலங்கியிருந்தது.

"எங்க அம்மா கை பக்குவம் இதான்," என்றார். "அக்கா இத்தன வருஷமா நசுக்குனது நசுக்கே இல்ல. மருமக கையில வந்திருக்கு பாரு. பச்ச தண்ணிக்கு இருக்கிற மரியாதையே தனிலா."

ஐந்து வருடத்தில் அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அதைப் பெற்றுக்கொள்ளவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை.

அத்தோடு விட்டிருந்தால் கதை இல்லை. சொந்தக்காரர்களுக்கென்று கார்த்திகேசு ஒரு வாட்சாப் குழு நடத்தினார். பெயர் ‘கிராணி பரம்பரை’. அதில் கொழுக்கட்டைப் படத்தைப் போட்டு, பச்சைத் தண்ணீரின் அறிவியல் உண்மைகள் என்று ஒரு பெரிய கட்டுரையும் எழுதினார். குளிர்ந்த நீர் அரிசியின் உயிரைக் காக்கிறது, சுடுதண்ணீர் கொல்கிறது என்பது அதன் சாரம். அந்தச் சூட்டிலேயே கோயில் மண்டபத்தில் நடக்கவிருந்த பாரம்பரிய உணவு நாளுக்குப் பெயர் கொடுத்தார். ஒலிவாங்கியில் அவர் விளக்கம் சொல்வார். மேடையில் சாந்தினி செய்து காட்டுவாள்.

அன்றிரவே சாந்தினி கணவனைத் தனியே பிடித்தாள். அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடச் சொல்லிக் கோகிலனைக் கேட்டாள். அவன், ஒருநாள் கூத்துக்கு எதற்கு வீட்டில் சண்டை என்றான். கடைசியில் அவள் பாப்பா அத்தையிடம் போய் உட்கார்ந்தாள். அத்தை மணிக்கட்டுத் துணியை அவிழ்த்துவிட்டு, அதே கையால் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். இந்தப் பச்சைத் தண்ணீர் எங்கிருந்துதான் வந்தது அத்தை என்று கேட்டாள்.

அத்தைக்கு அது வந்த நாளே தெரியும். அப்போது அவர் பள்ளிக்கூடம் போகிற சிறுமி. தம்பி கார்த்திகேசு டவுசர் நழுவுகிற வயது. சதுர்த்தியன்று விடாத மழை. விறகு முழுக்க நனைந்துவிட்டது. அம்மா ஊதி ஊதிப் பார்த்தும் அடுப்பு பிடிக்கவில்லை. கடைசியில் கொஞ்சம் எரிந்தது, அது அவிப்பதற்குத்தான் காணும். மாவுக்கென்று தனியாகத் தண்ணீர் கொதிக்க வைக்க ஏது. அன்றைக்குப் பார்த்து அப்பா தனக்கு மேலிருந்த பெரிய கிராணியைச் சாப்பிட அழைத்திருந்தார். அம்மா பயத்தில் பச்சைத் தண்ணீரிலேயே பிசைந்து அவித்துவிட்டாள். பெரிய கிராணி ஒன்றைக் கடித்துவிட்டு, இது என்ன இப்படி என்று பார்த்தார்.

"எங்க அப்பாவுக்கு வெறகு நனஞ்சிருச்சின்னு சொல்ல வாய் வரல," என்றார் அத்தை. "லயத்து ஆளுங்கதான் சுடுதண்ணி ஊத்துவாங்க, எங்க குடும்பத்துல பச்ச தண்ணின்னு ஒரு போடு போட்டாரு. பெரிய கிராணி தலையாட்டிட்டாரு. அடுத்த வருஷமும் வந்தாரு. அப்புறம் எப்படி மாத்துறது?"

தம்பியிடம் ஏன் சொல்லவில்லை என்று சாந்தினி கேட்டாள். சொன்னால் மட்டும் அவன் காதில் ஏறுமா என்றார் அத்தை. தனக்குக் கொழுக்கட்டை ஆசை வந்தால் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் உட்கார்ந்து தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவாராம்.

அப்போதும் சாந்தினி உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தாள். மாமனார் தனியாக இருக்கும் நேரம் பார்த்து முன்கூடத்துக்குப் போனாள். அவர் யாரிடமோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். பெண் தெலுக் இந்தான், லயத்துக் குடும்பம்தான், கையில் ஒன்றும் இல்லாமல் வந்தது, நாம்தான் ஒழுங்காகப் பழக்கி எடுத்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் பெருமை வழிந்தது. சாந்தினி வந்த வழியே திரும்பிப் போனாள். மாமா சொல்கிறபடியே செய்வது என்று அந்த நிமிடத்தில் முடிவு கட்டினாள். ஒரு சொல்கூடத் தப்பாமல்.

கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. இலவசச் சாப்பாடு உண்டு என்று அறிவித்திருந்தார்கள். மேடையில் மேசை, கேஸ் அடுப்பு, பெரிய ஆவிச்சட்டி. கார்த்திகேசு ஜிப்பா போட்டுக்கொண்டு ஒலிவாங்கியைப் பிடித்தார். கிராணி என்றால் யார், பங்களா எப்படி இருந்தது, துரை அப்பாவை எப்படி மதித்தார் என்று பேசி முடிப்பதற்குள் முன்வரிசையில் இருவர் தூங்கிவிட்டார்கள். பிறகு மாவுக்கு வந்தார்.

சாந்தினி குவளையைத் தூக்கிச் சபைக்குக் காட்டினாள். பச்சைத் தண்ணீர்தானே மாமா என்று சத்தமாகக் கேட்டாள். பச்சைத் தண்ணீர்தான் என்று அவர் முழங்கினார். ஒரு பெண்மணி எழுந்து, வெடிக்காதா ஐயா என்று கேட்டார்.

"வெடிக்கும்னு நெனைக்கிறது லயத்து ஆளுங்க நெனப்பு," என்றார் கார்த்திகேசு.

மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் ஏதோ ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள், அல்லது அப்படிப் பிறந்தவர்களின் பிள்ளைகள். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தூங்கிய இருவரும் விழித்துக்கொண்டார்கள்.

மாவு வெடித்தது. சாந்தினி அதை நசுக்கினாள். அவர் இன்னும் என்றார், இன்னும் நசுக்கினாள். உள்ளங்கை சிவக்கும்வரை ஒன்றொன்றையும் நசுக்கி, ஐந்து விரலையும் பதித்து ஆவிச்சட்டியில் அடுக்கினாள். அவிந்து, தட்டுகளில் வைத்து, ஆட்கள் கைக்குப் போவதற்குள் நன்றாக ஆறிவிட்டது. மண்டபம் முழுக்கத் தட்டுச் சத்தம். கோயில் தலைவர் ஒன்றை வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு மெல்லிய காகிதத்தால் வாயைத் துடைப்பதுபோல் துடைத்து, காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் வீரம்மா எழுந்தார். எண்பதை எட்டப் போகிற கிழவி. அதே பழைய பாலத்துத் தோட்டத்தில் பாலெடுக்க ரப்பர் மரம் சீவியவர். இப்போது மகளோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். அவருக்கு யாரையும் குத்தும் எண்ணமே இல்லை. முகமெல்லாம் மலர்ந்திருந்தது. கையில் கொழுக்கட்டையைத் தூக்கிப் பிடித்து, இது கிராணி வீட்டுக் கொழுக்கட்டையேதான், கொஞ்சங்கூட மாறவில்லை என்று எல்லாருக்கும் சாட்சி சொன்னார். கார்த்திகேசு பூரித்துப் போனார். மேடையிலிருந்து இறங்கி, ஒலிவாங்கியை அவரே கொண்டுபோய் அந்த அம்மாள் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"வருஷா வருஷம் லயத்துக்குக் கொடுத்தனுப்புவாங்க," என்றார் வீரம்மா. "எங்களுக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும். பிள்ளைங்க பத்திரமா எடுத்து வச்சி மரத்துல ரம்புத்தான் பழம் அடிப்பாங்க. ஒண்ணு எறிஞ்சா ஒரு கொத்து விழும். கல்லுன்னா ஒடைஞ்சிரும், இது ஒடையாது."

சிரிப்பு பின்வரிசையில் தொடங்கி முன்னால் வந்தது. லயத்துச் சிரிப்பு. அடக்கவே இல்லை யாரும். கோயில் தலைவர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்; தோள் குலுங்குவது தெரிந்தது. கார்த்திகேசு மாவு சரியில்லை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று என்னவோ சொன்னார். ஒலிவாங்கி எப்போதோ வீரம்மா கைக்குப் போயிருந்தது. அவர் எந்த மரம், யார் அடித்தார்கள் என்று பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாந்தினி மேடையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். இந்த நேரத்துக்காகத்தான் உள்ளங்கை நோக நசுக்கினாள். ஆனால் கூட்டத்தின் நடுவில் வெறுங்கையோடு நின்ற மாமனாரைப் பார்த்தபோது, நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை. முக்கால்வாசி இனித்தது.

திரும்பும்போது கார்த்திகேசு காரின் முன்னிருக்கையில் உட்கார்ந்தார். கிந்தா ஆற்றுப் பாலம் தாண்டிய பிறகு கோகிலன் கண்ணாடியில் அவளைப் பார்த்து, வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்டான். மாமா சொன்ன மாதிரிதான் செய்தேன் என்றாள். அப்படியானால் சதுர்த்தியன்று என்று ஆரம்பித்தவன், அப்பா பக்கத்து இருக்கையில் இருப்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டான்.

கார்த்திகேசு திரும்பிப் பார்க்காமல், சதுர்த்திக்குச் சுடுதண்ணீரா என்று கேட்டார்.

"ஆமா மாமா. எங்கம்மா தூக்குல கொண்டாந்தாங்களே, அதே கொழுக்கட்டதான். நாய்க்கு விட்டீங்களே, அது."

பின்னிருக்கையில் இருந்த பாப்பா அத்தை, மழை, நனைந்த விறகு, பெரிய கிராணி எல்லாவற்றையும் தம்பியின் பிடரியைப் பார்த்துச் சொல்லி முடித்தார். வீடு வந்தது. இறங்கும்போது கார்த்திகேசு மகனிடம் மெதுவாக, அத்தைக்கு வயதாகிவிட்டது, நினைவெல்லாம் தடுமாறுகிறது, நல்ல டாக்டரிடம் காட்டவேண்டும் என்றார். கோகிலன் வாயைத் திறந்தான். வழக்கம்போல் ஆமாம்ப்பா என்றுதான் வரும் என்று சாந்தினி நினைத்தாள். "அத்த சொல்றது சரியாதான்ப்பா இருக்கு," என்றான் அவன். சொல்லிவிட்டு, அப்பா என்ன சொல்வாரோ என்று நிற்காமல் காரைப் பூட்டப் போய்விட்டான். காரை இரண்டு தடவை பூட்டினான்.

ஒரு வாரம் கழித்து ‘கிராணி பரம்பரை’ குழுவில் அறிவிப்பு வந்தது. அந்தக் காலத்து அரிசிக்கும் இந்தக் காலத்து அரிசிக்கும் உள்ள வேறுபாட்டைத் தாம் ஆராய்ந்து பார்த்ததாகவும், இன்றைய அரிசியில் தரம் குறைந்துவிட்டதால் இனி நம் குடும்பத்தில் சுடுதண்ணீரை அனுமதிக்கலாம் என்று தீர்மானித்திருப்பதாகவும் கார்த்திகேசு எழுதியிருந்தார். சொந்தக்காரர்கள் வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். கோலாலம்பூரில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கை ஒருவர், நாங்கள் ரொம்ப நாளாக அப்படித்தான் செய்கிறோம் அண்ணே, உங்களிடம்தான் சொல்லவில்லை என்று எழுதினார்.

அதன்பின் பாப்பா அத்தை வெள்ளிக்கிழமைதோறும் கொழுக்கட்டை கேட்க ஆரம்பித்தார். சாந்தினி வேலையிலிருந்து வந்து கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கிளறுவாள். சொப்பு பிடிப்பது அத்தை. கார்த்திகேசு மேசைக்கு வரமாட்டார். பசியில்லை என்பார். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படிக்குள் போவார். ஒரு வெள்ளிக்கிழமை சாந்தினி தண்ணீர் குடிக்கப் போனபோது, அவர் சட்டியின் மூடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அடுப்படியில் நின்றபடியே வாய் நிறையத் தின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் விழுங்கிவிட்டு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். மேல்மாவில் உப்புப் பத்தவில்லை என்றார்.

சாந்தினி இன்னொன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். பத்தவில்லைதான். அடுத்த வெள்ளிக்கிழமை உப்பை ஒரு சிட்டிகை கூட்டிப் போட்டாள்.